கோலார் ரீஃபின் போக்கு

உள்ளங்கையில் அடங்கும் அளவான ஒரு கல் என் மேஜையின்மீது இருக்கிறது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் நெடுநாள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கொடுத்தது அது. நீலம் கலந்த சாம்பல் நிறம். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தக் கல்லின் ஊடே மெல்லிய கருங்கோடுகள் ஓடுகின்றன. பொன் எங்கே என்று கேட்டேன். "அந்தக் கருப்புக் கோட்டைப் பாருங்க தம்பி. வெறும் வெள்ளைக் கல்லா இருந்தா நாங்க திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம்" என்றார்.

அவர் சொன்னதில் பூமி சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இற்றைக்குச் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி, பின்பு அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் உருமாறி, வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் நாலைந்து கிலோமீட்டர் அகலமுமான ஒரு கரும்பாறைப் பட்டையாகக் கோலார்ப் பகுதியில் கிடக்கிறது. அந்தப் பாறை பிளவுண்ட காலத்தில், ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீர், தன்னுள் கரைந்திருந்த மணற்சத்தையும் பொன்னையும் அப்பிளவுகளில் விட்டுச் சென்றது. உப்புநீர் கொதித்த அண்டாவின் உட்புறத்தில் வெண்படலம் படிவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதைப் போன்ற படிவுதான். ஆனால் ஒருமுறை படிந்து நின்றுவிடாமல், பிளவு மீண்டும் மீண்டும் திறந்து, மீண்டும் மீண்டும் நிரம்பியது. அந்தக் கருங்கோடுகள் அதன் அடையாளம்.

இவ்வாறு உண்டான கற்பட்டையைத்தான் தங்கவயலார் 'ரீஃப்' என்கிறார்கள். அவற்றுள் தலையாயது சாம்பியன் ரீஃப். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் அதன் கனமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். சில இடங்களில் பருத்து, சில இடங்களில் நூலாக மெலிந்து, துணி மடிப்புப்போல் மடிந்தும் போகிறது. மேற்பரப்புக்கு அருகே மேற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் அது, ஆழம் போகப்போக நிமிர்ந்து ஏறக்குறையச் செங்குத்தாகிறது. ரீஃப் முழுவதிலும் பொன் சீராகப் பரவியிருப்பதில்லை. வடக்கு நோக்கிச் சரிந்து இறங்கும் தாரைகளில் அது திரண்டிருக்க, தாரைக்கும் தாரைக்கும் இடையில் வெறுங்கல்லே மிஞ்சும். மேற்குப் பக்கத்து ரீஃப்களில் பொன் கந்தகத் தாதுக்களோடு கலந்து கிடப்பதால் பிரித்தெடுப்பது இன்னும் கடினம்.

இந்த விசித்திரப் போக்கை அறியாததால்தான் பலர் நஷ்டப்பட்டார்கள். 1802-ல் ஜான் வாரன் என்ற படை அதிகாரி இங்கே வந்தபோதே கிராமத்தார் சிறு குழிகளில் இறங்கிக் கல்லெடுத்து, பொடித்து, நீரில் அலசிப் பொன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1870-களில் மைக்கேல் லாவெல் என்பவர் சுரங்கம் தோண்ட உரிமம் பெற்றார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. முதலில் தோண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஏமாற்றமே. முற்காலத்தவர் நல்ல தாரைகளைக் கண்டறிந்து மேற்பகுதியைச் சுரண்டியெடுத்துவிட்டிருந்தார்கள்; அந்தப் பழங்குழிகளின் அடிக்கும் கீழே துணிந்து இறங்கிய பிறகே, முதலீடு கரைந்துகொண்டிருந்த வேளையில், பிளம்மர் என்பவரின் கண்காணிப்பில் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் பழைய சுரங்கக்காரர்களின் கண்கூர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் வியப்புண்டாகிறது.

பிறகு ரீஃப் போன வழியே மனிதனும் போனான். 1902-ல் சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ரீஃபை எடுத்த வெற்றிடத்தின்மேல் மலைபோன்ற பாரம் அழுந்த, இறுகிய பாறை திடீரென வெடித்துச் சிதறிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதைத் தடுப்பதற்காக, மேலே கருங்கல்லைச் செதுக்கிக் கீழே இறக்கி, ரீஃப் இருந்த இடத்தில் சுவர் எழுப்பினார்கள்.

தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேலிருந்த பொன், இறுதியில் 4 கிராமுக்கும் கீழே போயிற்று. மொத்தம் சுமார் 800 டன் தங்கம் ஈந்த பின், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைக்கும் யந்திரங்கள் நின்றதும் ஆழத்துக் குகைகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பொன்னை எடுத்த இடத்தில் அந்தப் பெரியவரும் அவருடைய தந்தையும் கல்மேல் கல்லாக அடுக்கிய கருங்கற்சுவர்கள், அந்த நீருக்குள் நிற்கின்றன.