கைக்கேற்ற சுட்டி

கருவியின் சிறப்பு அதனைக் கையாள்வோனின் கையை நோக்கியே துணியப்படுவது. கணினியின் உறுப்புகளுள் 'மவுஸ்' எனப்படும் சுட்டி இவ்வுண்மைக்குச் சான்றாகும். ஓய்வுவேளையிற் கணினி விளையாட்டில் ஈடுபடும் மாணவருட் சிலர், விளம்பரங்களிற் காணும் பேரெண்களில் மயங்கிப் பெற்றோரின் பொருளை வீணாக்குகின்றனர். வேறு சிலர் கையிற் பொருந்தாத மலிவான ஒன்றைக் கொண்டு மணிக்கட்டு நோவுக்கு ஆளாகின்றனர். இவ்விரு கேட்டையும் தவிர்க்கும் வழி, சுட்டி தொழிற்படும் முறையை அறிந்து அதனைத் தெரிவு செய்தலே.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், டக்ளஸ் ஏங்கல்பாட் என்பாரின் எண்ணத்தைத் தழுவி 1964 இல் பில் இங்கிலிஷ் என்பார் முதற் சுட்டியை அமைத்தார். அது மரத்தாலான சிறு பேழை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சில்லுகள் இருந்தன. 1968 டிசெம்பர் 9 ஆந் திகதி சான்பிரான்சிஸ்கோ நகரில் அஃது அறிஞர் அவையிற் காட்டப்பட்டது. பின்னர் சில்லுகளின் இடத்தை உருளுங் குண்டும், குண்டின் இடத்தை ஒளியும் பெற்றன. இக்காலச் சுட்டி தன் அடிப்பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, முன்னைப் படத்தோடு பின்னைப் படத்தை ஒப்பிட்டு அசைவைக் கணிக்கின்றது. ஆதலின் கண்ணாடி போன்ற பரப்புகளில் அது தடுமாறும். விலை குறைந்த துணிவிரிப்பு ஒன்றே அக்குறையை நீக்கிவிடும்.

விளம்பரங்கள் முதன்மையாகக் கூறும் எண் 'டி.பி.ஐ.' என்பதாகும். சுட்டி ஓரங்குலம் நகரும்போது எத்தனை எண்ணிக்கைகளைக் கணினிக்கு அறிவிக்கின்றது என்பதே அதன் பொருள். ஓர் எண்ணிக்கை ஒரு புள்ளியாகக் கொள்ளப்படுமாயின், 1920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க 800 டி.பி.ஐ. உடைய சுட்டி 2.4 அங்குலம் நகரவேண்டும். 1600 எனின் 1.2 அங்குலம் போதும். 8000 எனின் கால் அங்குலமும் வேண்டா. அத்துணைச் சிறிய அசைவை மனிதக்கை அடக்கியாளுதல் அரிது.

இதற்குரிய விளக்கத்தை உளவியலறிஞர் போல் பிற்ஸ் 1954 இல் வெளியிட்ட ஆய்விற் காணலாம். ஓர் இலக்கைக் கை அடையும் நேரம், இலக்கின் தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பது அவர் கண்ட விதி. டி.பி.ஐ. இருமடங்காகும்போது கை செல்லவேண்டிய தூரம் பாதியாகின்றது. ஆனால் கையின் அளவில் இலக்கின் அகலமும் பாதியாகின்றது. விகிதம் மாறாமையால் இலக்கை அடையும் விரைவும் பெரிதும் மாறுவதில்லை. எனவே 800 முதல் 1600 வரையில் அமையும் ஆற்றல் பொழுதுபோக்கு விளையாட்டுக்கு அமையும். அதற்கு மேற்பட்ட பேரெண்ணுக்கெனப் பொருள் செலவிடுதல் வேண்டற்பாலதன்று.

சுட்டி கணினிக்குச் செய்தி அனுப்பும் விரைவும் கருதற்பாலது. வினாடிக்கு 125 முறை அனுப்புவது 8 மில்லிவினாடிக்கு ஒருமுறையும், 1000 முறை அனுப்புவது 1 மில்லிவினாடிக்கு ஒருமுறையும் அறிவிக்கும். வினாடிக்கு 60 முறை மாறுந் திரையிற் புதுக்காட்சி தோன்ற ஏறத்தாழ 17 மில்லிவினாடி ஆகும். ஆகவே 1000 என்பதற்கு அப்பால் நாடவேண்டியதில்லை.

எண்களினும் முதன்மை பெறுவது வடிவம். உள்ளங்கை முழுவதையும் சுட்டிமேற் படியவைப்போர்க்கு முதுகுயர்ந்த நீண்ட சுட்டி ஏற்றது. விரல்களை வளைத்தோ, விரல்நுனியால் மட்டுமோ பிடிப்போர்க்குக் குறுகிய, தாழ்ந்த சுட்டி நன்று. மணிக்கட்டு மேல்நோக்கியோ பக்கமாகவோ மடியாதிருத்தலும், பெருவிரலும் சிறுவிரலும் இறுகப் பற்றாது இளைப்பாறுதலும் நல்ல பொருத்தத்தின் அடையாளங்களாம். இடக்கையர் இருபுறமும் ஒத்த வடிவுடையதையே நாடவேண்டும்.

நிறையும் நோக்கத்தக்கது. லொஜிரெக் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட ஜி102 என்னும் கம்பியுள்ள சுட்டி 85 கிராம் நிறையும் ஆறு பொத்தான்களும் உடையது. அந்நிறுவனம் 2018 இல் வெளியிட்ட ஜி305 கம்பியற்றது. ஒரு மின்கலத்தோடு 99 கிராம் நிறையுடையது. கம்பியின்மை தடையற்ற அசைவைத் தரும். ஆயின் நிறையும் விலையும் மின்கலச் செலவும் கூடும். பொருட்சிக்கனம் கருதுவோர்க்குக் கம்பியுள்ளதே தக்கது.

இறுதியாக, பொத்தான்களின் உள்ளிருக்கும் ஆளிகளின் தரத்தை ஓர்தல் வேண்டும். அவற்றின் தொடுமுனை தேய்ந்தால் ஒருமுறை அழுத்தியது இருமுறையாகப் பதிவாகும். மிகமலிவான சுட்டி விரைவிற் பயனற்றுப்போவது பெரும்பாலும் இதனாலேயே. ஆதலால் உத்தரவாதக் காலம் உடையதை வாங்குதல் அறிவுடைமை. கடையில் அதனைச் சிறிதுநேரம் கையிற் பிடித்துப் பார்த்தலும் இன்றியமையாதது.

'விரலுக்குத் தக்க வீக்கம்' என்பது பழமொழி. வரவுக்கேற்ற செலவை உணர்த்த எழுந்த அம்மொழி, சுட்டியைத் தெரிவு செய்வோர்க்கு நேர்ப்பொருளிலும் பொருந்துவதாகும். விரலும் பணப்பையும் ஒருங்கே நோவாதிருப்பின் அச்சுட்டியே சிறந்தது.