நாள் குறித்துப் போடும் சினை ஊசி

கறவை மாடு வருஷத்துக்கு ஒரு கன்று போட வேண்டும் என்பது மாடு வளர்க்கிறவர்களின் பழைய கணக்கு. சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். அதை 365-இல் கழித்தால் 85 மிஞ்சும். கன்று ஈன்ற கருப்பை சுருங்கித் தேற 45 முதல் 60 நாள் போய்விடும். ஆகவே மாட்டைச் சினைப்படுத்த நம் கையில் இருப்பது ஒரு மாதம், மிஞ்சினால் நாற்பது நாள். பருவம் 21 நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. ஒன்றைக் கோட்டை விட்டால் மூன்று வாரத் தீனி தண்டம்.

குமரி மாவட்டத்தில் கோட்டை விடுவது எளிது. பெரும்பாலான வீடுகளில் ஒரு மாடு, இரண்டு மாடுதான். வீட்டுக்குப் பின்னால் தென்னை மூட்டில் கட்டிக் கிடக்கும். பருவத்துக்கு வந்த மாட்டின் நிச்சயமான அடையாளம், இன்னொரு மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்று கொடுப்பது. தாவ இன்னொரு மாடு இல்லாத தொழுவத்தில் அதை எப்படிப் பார்ப்பது? தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் மாடுகள் கூட்டமாக மேய்ந்தபோது, மேய்க்கிற பையனே சொல்லிவிடுவான். மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. பருவ அறிகுறிகள் அதிகம் தெரிவது இரவிலும் விடியற்காலையிலும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். வழும்பு ஒழுகியிருந்தாலும் வெயில் ஏறும்முன் சாணத்தோடு கழுவிப் போய்விடும். கத்தாமல், எதையும் காட்டாமல் கடந்து போகும் ஊமைப் பருவம் இதற்கு மேல்.

மாடு 'பிடிக்கவில்லை' என்று வருகிற புகாரில் பாதி உண்மையில் 'பார்க்கவில்லை' என்பதே. ஒரு பேச்சுக்கு, பருவத்துக்கு வரும் 100 மாடுகளில் 50-ஐத்தான் கண்டுபிடித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதில் 100-க்கு 40 சினை பிடிக்கும் என்றால், அந்த மூன்று வாரத்தில் சினையானது 20 மாடு. பருவத்தைப் பார்க்கிற வேலையே இல்லாமல் நூறுக்கும் ஊசி போட முடிந்தால், 100-க்கு 35 மட்டுமே பிடித்தாலும் 35 மாடு சினை. ஊசியின் ராசி கொஞ்சம் குறைந்தும் சினை கூடுகிறது. நாள் குறித்த கருவூட்டலின் பலன் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது.

செயற்கைக் கருவூட்டல் நம் நாட்டுக்குப் பழசு. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் தொடங்கியது. அதில் எப்போதும் நேரமே சங்கடம். பருவம் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியாகும், வெளியான முட்டைக்குச் சில மணி நேரமே ஆயுள். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை ஊசி என்ற விதி இதனால் வந்தது. கண்டால்தான் விதி, காணாத மாட்டுக்கு என்ன செய்வது?

1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பாங்க் என்ற மூவர் இதைத் தலைகீழாக்கினார்கள். முட்டை எப்போது வரும் என்று காத்திருக்காமல், நாம் சொல்லும் நேரத்தில் வரவைப்பது. ஓவ்சிங்க் என்று பெயர். ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முதல் ஊசி, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன். சினைப்பையில் முற்றி நிற்கும் முட்டைப்பையை அது உடைக்கும். இரண்டொரு நாளில் புதிய தொகுதி வளரத் தொடங்கும். அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு புரோஸ்டாகிளாண்டின். சினைப்பையில் இருந்துகொண்டு அடுத்த பருவத்தைத் தடுக்கும் மஞ்சள் கட்டியை இது கரைத்துவிடும். புதன் மாலை 4 மணிக்கு மறுபடி ஜி.என்.ஆர்.எச்.; இது முட்டையை வெளியேறச் சொல்லும் உத்தரவு. வியாழன் காலை 8 மணிக்கு மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் சினை ஊசி. இடையிலேயே பருவம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் வியாழனுக்காகக் காத்திருக்க வேண்டாம், அப்போதே போட்டுவிடலாம்.

எச்சரிக்கை இரண்டு. புரோஸ்டாகிளாண்டின் சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவர் கை விட்டுப் பார்த்து, சினை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

எல்லா மாட்டுக்கும் இது ஏற்றதும் அல்ல. கிடேரிகளுக்கு இந்த முறை அவ்வளவாக ஒத்துவருவதில்லை. கன்று ஈன்று மாதங்கள் ஆகியும் சினைப்பை உறங்கிக் கிடக்கிற மாட்டுக்கு, புரோஜெஸ்டிரான் சாதனத்தை ஏழு நாள் உள்ளே வைத்து எடுக்கும் முறை மேல். பருவத்தை ஒழுங்காகக் காட்டுகிற மாட்டுக்கு ஹார்மோன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. விலா எலும்பை எண்ணும்படி மெலிந்த மாட்டுக்கு எந்த ஊசியும் வேலைக்காகாது. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு பூவிலும் வைக்கோல் கிடைக்கும் நாஞ்சில் நாட்டில் மாடு வைக்கோலாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. அதில் புரதமும் குறைவு, தாதுவும் குறைவு. பசும்புல்லும் புண்ணாக்கும் தாது உப்பும் இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் சினை பிடிப்பது பொதுவாகவே குறையும். நாள் குறிப்பது நம் கையில் என்பதால் அந்த மாதங்களைத் தள்ளிவைக்கலாம்.

ஊசி போட வருகிறவரையும் கவனியுங்கள். உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருப்பது. 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்துத்தான் இளக்க வேண்டும். கையிடுக்கில் வைத்தோ சட்டைப் பையில் போட்டோ இளக்கினால் பத்து நாள் பாடும் வீண்.

ஒரு மாட்டுக்காக ஒருவர் நான்கு தடவை வந்து போவது யாருக்கும் கட்டுப்படியாகாது. பால் சொசைட்டியில் பத்து மாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் மருந்தகத்துக்கும் வசதி, பேசிப் பார்க்கலாம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விவரம் கேட்கலாம்.

ஊசி போட்ட தேதியைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள். 18 முதல் 24-ஆம் நாள் வரை மாடு திரும்பப் பருவத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் சினை என்று முடிவு கட்டிவிடாமல் 60-ஆம் நாளில் பரிசோதித்துவிட வேண்டும். சினை இல்லை என்றால் வருகிற திங்களே அடுத்த சுற்றைத் தொடங்கலாம்.