தாத்தா சொத்தில் பேரப்பிள்ளைக்குப் பங்கு எவ்வளவு?

தாத்தாவின் கருமாதி முடிந்த கையோடு பல வீடுகளில் சொத்துப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "எனக்கு மூணு பிள்ளைங்க, தம்பிக்கு ஒண்ணுதான். அப்ப எனக்குக் கூடத்தானே வரணும்?" என்பார் அண்ணன். "பொண்ணு வயித்துப் பிள்ளைக்கு எதுக்குப் பங்கு?" என்பார் இன்னொருவர். "தாத்தா சொத்து பேரனுக்குத்தான்" என்று முடித்து வைப்பார் ஊர்ப் பெரியவர். முதல் இரண்டு பேச்சும் சட்டப்படி செல்லாது. மூன்றாவது சில சொத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். இதைப் புரிந்துகொள்ளாமல் பேசப் போய், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நீதிமன்ற வாசலில் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள்.

சட்டம் எண்ணுவது கிளையை

இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. மகனோ மகளோ முன்பே இறந்திருந்தால், அவருக்கு வரவேண்டிய ஒரு பங்கு அவருடைய குடும்பத்துக்குப் போகும். அந்தக் கிளையில் எத்தனை பேர் இருந்தாலும் பங்கு ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் 90 சென்ட். அவருடைய மனைவியும் தாயும் உயிரோடு இல்லை. மூத்த மகன் இருக்கிறார். அவருக்கு மூன்று பிள்ளைகள். இரண்டாவது மகன் இறந்துவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மகளும் இறந்துவிட்டார், கணவரும் ஒரே மகனும் இருக்கிறார்கள்.

கிளைகள் மூன்று, கிளைக்கு 30 சென்ட். மூத்தவருடைய 30 சென்ட் அவருக்கே. அவர் உயிரோடு இருப்பதால் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் இப்போது எதுவும் வராது. இரண்டாவது மகன் கிளையில் மருமகளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 10 சென்ட். மகள் கிளையில் 30 சென்டும் அந்த ஒரே பேரனுக்கு, மருமகனுக்குப் பங்கில்லை.

ஒரு பேரனுக்கு 30, இன்னொருவனுக்கு 10, மற்றவனுக்கு ஒன்றுமில்லை என்றால் மனம் ஒப்பாதுதான். ஆனால் தாத்தாவின் சொத்தை அவருடைய பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்த பிறகுதான் சட்டம் அடுத்த தலைமுறைக்கு வருகிறது. பேரப்பிள்ளை வாங்குவது இறந்துபோன தன் அப்பாவின், அம்மாவின் பங்கை.

இதே நிலம் பாட்டியின் பெயரில் இருந்து, தாத்தா முன்பே இறந்திருந்தால் கணக்கு சற்று மாறும். பாட்டியின் சொத்தில் இறந்த மகனின் மனைவிக்குப் பங்கு வராது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு 15 சென்ட் எடுத்துக்கொள்வார்கள்.

பூர்வீகமா, சுயசம்பாத்தியமா?

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்ற பேச்சு, தலைமுறை தலைமுறையாகப் பிரிபடாமல் வந்த கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அதில் மகன் வழிப் பேரனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. மகளுக்கும் அந்த உரிமையைத் தமிழ்நாடு 1989இல் கொடுத்தது. அதற்கு முன்பே திருமணமான பெண்களை விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடு முழுவதும் மகளை மகனுக்குச் சமமாக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய மனை அப்படியல்ல. 1956க்குப் பிறகு அது வாரிசுரிமைப்படி மகனுக்கு வந்தால் மகனின் தனிச்சொத்து ஆகிவிடும் என்று 1986ஆம் ஆண்டின் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா உயிரோடு இருக்கும்போது, "தாத்தா சொத்து, எனக்கும் பங்கு கொடு" என்று அதில் பேரன் கேட்க முடியாது. ஆகவே பேச்சில் உட்காருமுன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள்.

மற்ற சமயத்தவருக்கு

கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவனோ மனைவியோ இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, கிளைக் கணக்கில். பிள்ளைகள் யாருமே உயிரோடு இல்லாமல் பேரப்பிள்ளைகள் மட்டும் இருந்தால், அங்கே தலைக்குச் சமம்.

இஸ்லாமிய முறையில் (சுன்னி) ஒரு மகன் உயிரோடு இருந்தால், முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. ஆனால் தாத்தா தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அவர்களுக்கு வசிய்யத் (உயில்) எழுதி வைக்கலாம். தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

விட்டுப்போகும் பெயர்கள்

பெரும் அநியாயம் நடப்பது அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்குத்தான். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது இறந்த மகளின் பெயரையே எழுதாமல் விடுகிறார்கள். சில வீடுகளில் கணவனை இழந்த மருமகளிடம் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, பிள்ளைகளுக்கும் சேர்த்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

சான்றில் பெயர் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். மைனரின் நிலத்தையோ வீட்டையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயே விற்றாலும், விட்டுக்கொடுத்தாலும், பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். வாங்குபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தாத்தா பாட்டி செய்ய வேண்டியது

சட்டத்தின் கணக்கு உங்கள் மனசுக்கு ஒவ்வவில்லை என்றால் உயில் எழுதுங்கள். உங்கள் சொந்தச் சொத்தைப் (இஸ்லாமியர்களானால் மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கு வரை) பேரப்பிள்ளைகளுக்குத் தலைக்குச் சமமாகவும் கொடுக்கலாம், படிக்கும் பேத்திக்குக் கூடுதலாகவும் கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, பதிந்து வைத்தால் பின்னால் தகராறு குறையும். உயிலில் சொத்துப் பெறப் போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

"என் பேரப்பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுதினால் மகள் வழிப் பிள்ளைகள் உண்டா, இனிமேல் பிறப்பவர்கள் உண்டா என்று சண்டை வரும். ஒவ்வொருவர் பெயரையும், இன்னாருக்கு இவ்வளவு என்பதையும் எழுதுங்கள். ஒருவருக்குக் கூட்டியோ குறைத்தோ கொடுத்தால் காரணத்தை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உயிலுக்குப் பதிலாகச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால் சொத்து அப்போதே கைமாறிவிடும். நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. பேரனுக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், கடைசிவரை உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அவன் பராமரிக்கத் தவறினால், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் கைகொடுக்கும்.

எழுதியதைப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். கோபம் வந்தாலும் நீங்கள் இருக்கும்போது வரட்டும். பதில் சொல்ல நீங்கள் இருப்பீர்கள். பாகம் பிரிக்க உட்காரும் மகன்களும் மகள்களும், இறந்துபோன அண்ணன் தங்கையின் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் உங்களிடம் கேட்பது தானமில்லை. அவர்களைப் பெற்றவர்களுக்கு இந்த வீட்டில் இருந்த உரிமையைத்தான்.