உருளைக்கிழங்கு குடித்த தண்ணீர்

மாலையில் பள்ளி விட்டதும் கடையில் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்குகிறீர்கள். நண்பர்களோடு பங்கிட்டுக் கொள்கிறீர்கள். ஐந்தே நிமிடங்களில் பொட்டலம் காலி. "இது உங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலந்திருக்கும்?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சிப்ஸ் கம்பெனி இந்தக் கேள்விக்கான விடையைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டது. விடை: 75 கிராம். பொட்டலத்துக்குள் இருந்த சிப்ஸின் எடையோ 34.5 கிராம்தான்! தின்ற பண்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான எடையுள்ள வாயு, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலந்துவிட்டது.

அந்தக் கம்பெனியின் பெயர் வாக்கர்ஸ். லெஸ்டர் நகரில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஹென்றி வாக்கர் என்பவர் தொடங்கியது அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் இங்கிலாந்தில் இறைச்சிக்கு ரேஷன் நீடித்தது. கடையில் விற்கப் போதிய சரக்கில்லை. ஆகவே 1948-இல் உருளைக்கிழங்கைக் கையால் சீவி, வறுத்து விற்கத் தொடங்கினார்கள். பின்னாளில், 1989-இல், பெப்சிகோ என்ற அமெரிக்கக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் பொட்டலங்கள் தயாரிக்கும் பெரிய தொழிலாக அது வளர்ந்தது.

75 கிராம் என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள்? பிரிட்டனில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அதனுடன் சேர்ந்து, சிப்ஸின் வரலாற்றை வயலிலிருந்து குப்பைத் தொட்டி வரை பின்தொடர்ந்தார்கள். உழுத டிராக்டர் குடித்த டீசல், பயிருக்கு இட்ட உரம், எண்ணெயைக் காய்ச்சிய எரிவாயு, பை செய்த ஆலை, லாரி ஓடிய தூரம் எல்லாவற்றையும் கூட்டினார்கள். வேறு வாயுக்களின் தீங்கையும் கரியமில வாயுவின் எடையாக மாற்றிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இவற்றில் எதற்குப் பெரிய பங்கு? "லாரிக்குத்தான்" என்பீர்கள் சிலர். "பளபளக்கும் அந்தப் பைக்குத்தான்" என்பீர்கள் வேறு சிலர். கணக்கு சொன்ன விடை வேறு. கிழங்கையும் மற்ற மூலப்பொருள்களையும் விளைவிப்பதிலேயே மிகப் பெரிய பங்கு போயிருந்தது. இன்னொரு வேடிக்கையான உண்மையும் வெளிவந்தது.

தண்ணீருக்குக் கொடுத்த விலை

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 விழுக்காடு தண்ணீர்தான். மாவுச்சத்து முதலிய உலர்பொருள் சுமார் 20 விழுக்காடு. சிப்ஸிலோ தண்ணீர் 2 விழுக்காடு அளவே இருக்கும். அதனால்தான் அது மொறுமொறுப்பாக இருக்கிறது. அப்படியானால், சிப்ஸ் ஆலை செய்யும் முக்கியமான வேலை என்ன? கிழங்கிலுள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்து வெளியேற்றுவதுதான்!

ஆனால் கம்பெனி கிழங்கை எடை போட்டு வாங்கியது. எடை கூடினால் விவசாயிக்குப் பணம் கூடும். தண்ணீரும் எடைதானே! எனவே விவசாயிகள் ஈரக்காற்று நிரம்பிய கிடங்குகளில் கிழங்கைச் சேமித்தார்கள். கிழங்கு நீர் இழக்காமல் கனமாக இருந்தது. ஈரக்காற்றை உண்டாக்க மின்சாரம் செலவாயிற்று. அந்தத் தண்ணீரை லாரியில் சுமந்து செல்ல டீசல் செலவாயிற்று. ஆலையில் அதே தண்ணீரை ஆவியாக்கி விரட்ட மீண்டும் எரிபொருள் செலவாயிற்று. ஒரு கை ஊற்ற, மறு கை இறைத்த கதைதான்!

இதில் விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறாரோ அதைத்தான் விற்கிறவர் தருவார். தவறு விலை பேசிய முறையில் இருந்தது. இதை உணர்ந்ததும், மொத்த எடையைவிட உலர்பொருளுக்கு மதிப்புத் தரும் முறையில் கொள்முதலை மாற்ற முனைந்தார்கள். புதிய யந்திரம் எதுவும் இல்லாமல், ஒப்பந்தத் தாளில் செய்த மாற்றம் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காகிதமும் பென்சிலும் எடுங்கள். ஒரு கிலோ சிப்ஸில் ஏறக்குறைய 650 கிராம் கிழங்கின் உலர்பொருள். மீதி பெரும்பாலும் எண்ணெய். 20 விழுக்காடு உலர்பொருள் உள்ள கிழங்கானால் 3.25 கிலோ வேண்டும். அதில் தண்ணீர் 2.6 கிலோ. உலர்பொருள் 18 விழுக்காடு மட்டுமே உள்ள கிழங்கானால் 3.61 கிலோ வேண்டும். அதில் தண்ணீர் 2.96 கிலோ. இரண்டே விழுக்காடு வேறுபாடு! ஆனால் ஆவியாக்க வேண்டிய தண்ணீர் கிலோவுக்கு 360 கிராம், அதாவது சுமார் 14 விழுக்காடு, கூடிவிடுகிறது.

தண்ணீரை ஆவியாக்குவது எளிதான காரியமன்று. ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 80 கலோரி போதும். 100 டிகிரியில் உள்ள அதே ஒரு கிராமை ஆவியாக மாற்ற மேலும் 540 கலோரி வேண்டும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படித்தது இதைத்தான். ஒரு சிறிய பொட்டலத்துக்காக விரட்ட வேண்டிய தண்ணீர் சுமார் 90 கிராம். அதற்குச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு மூன்று தம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

நீர் குறைந்த கிழங்கு எண்ணெயையும் குறைவாகவே உறிஞ்சும். நம் நாட்டில் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-இல் குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களை வெளியிட்டது. உலர்பொருள் மிகுந்த இவை வறுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை.

தோல் மீண்டும் வயலுக்கு

கணக்கில் பெரும் பங்கு வயலுடையது என்று பார்த்தோம். அதில் முக்கியமான குற்றவாளி நைட்ரஜன் உரம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஹேபர் முறைக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே பெறுகிறார்கள். அப்போது கரியமில வாயு வெளிவருகிறது. உரத்தை மண்ணில் இட்டபின் அதன் ஒரு சிறு பகுதியை நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. இந்த வாயுவின் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்க வல்லது.

லெஸ்டர் ஆலையில் கிழங்குத் தோலையும் கழிவையும் காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் அடைக்கிறார்கள். நம் ஊர்களில் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கிறோமே, அதே தத்துவம்தான். பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து மீத்தேன் வாயுவைத் தருகின்றன. அதை எரித்து மின்சாரம் எடுத்து ஆலைக்கே பயன்படுத்துகிறார்கள். 2020-இல் அடுத்த படியாக ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. தொட்டியில் எஞ்சும் சக்கையுடன், நொதித்தல் ஆலைகளிலிருந்து வரும் கரியமில வாயுவைச் சேர்த்து உரமாக்கி, அதை உருளைக்கிழங்கு வயலுக்கே திருப்பி அனுப்புவது! தோலாக வந்தது உரமாகத் திரும்புகிறது.

பாலைவனத்தில் ஓர் ஆலை

சிப்ஸ் ஆலைக்குத் தண்ணீர் இன்னொரு வகையிலும் தேவை. கிழங்கைக் கழுவ வேண்டும். சீவிய வில்லைகளின் மேல் ஒட்டியுள்ள மாவுச்சத்தையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வறுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெப்சிகோவைச் சேர்ந்த ஃபிரிட்டோ-லே கம்பெனிக்கு அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், காசா கிராண்டே என்ற ஊரில் ஓர் ஆலை உண்டு. பாலைவனப் பகுதி அது. அங்கே கழிவுநீரை நுண்ணுயிர்களாலும் சல்லடை போன்ற மென்சவ்வுகளாலும் தூய்மைப்படுத்தி, உற்பத்திக்குப் பயன்படும் நீரில் 75 விழுக்காடு வரை மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

கூச்சலிட்ட பை

இனி, நம் கண்ணில் படும் பைக்கு வருவோம். அது வெறும் பிளாஸ்டிக் தாளன்று. பல படலங்களை ஒட்டிச் செய்தது. உட்புறம் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு உண்டு. பிராணவாயுவும் ஈரமும் உள்ளே புகுந்தால் எண்ணெய் காறிவிடும், சிப்ஸ் நமுத்துவிடும். அவற்றைத் தடுப்பதற்கே இந்தப் படலங்கள். உள்ளே நிரப்புவதும் நைட்ரஜன் வாயுதான். ஆனால் ஒட்டிய படலங்களைப் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே மறுசுழற்சி செய்வதும் கடினம்.

2010-இல் ஃபிரிட்டோ-லே கம்பெனி தன் சன்சிப்ஸ் பண்டத்துக்கு மக்காச்சோளத்திலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலத்தாலான பையை அறிமுகப்படுத்தியது. சூடான உரக்குவியலில் சுமார் 14 வாரங்களில் அது மக்கிவிடும் என்று கம்பெனி கூறியது. எல்லாரும் பாராட்டியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. அந்தப் பொருள் அறை வெப்பநிலையில் விறைப்பானது. தொட்டால் போதும், படபடவென்று காதைத் துளைத்தது. ஒருவர் ஒலி அளக்கும் கருவியை வைத்து 95 டெசிபல் என்று காட்டினார்! கேலியும் புகாரும் குவிந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு சுவையைத் தவிர மற்றவற்றுக்குப் பழைய பையே திரும்பியது. படலங்களை ஒட்டும் பசையை மாற்றிச் சத்தத்தைக் குறைத்த பை 2011-இல் வந்தது. மக்களின் கைக்கும் காதுக்கும் ஒத்துவராத நல்ல பொருள் கடையில் நிலைக்காது என்பதை விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டார்கள்.

மக்கள் குரலுக்கு வேறு விதமான வலிமையும் உண்டு. 2018-இல் இங்கிலாந்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்கர்ஸ் பைகளை மாற்றச் சொல்லி மனுவில் கையெழுத்திட்டார்கள். பலர் தின்று முடித்த காலிப் பைகளைத் தபால் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கே அனுப்பினார்கள்! "தயவுசெய்து உறைக்குள் வைத்து அனுப்புங்கள்" என்று தபால் துறை வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி காலிப் பைகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பை கண்ணில் படுகிறது. எனவே அதைப் பற்றிக் கேட்டோம். ஈரக் கிடங்கும் உரமூட்டையும் கண்ணில் படவில்லை. அவற்றைக் காட்டிக்கொடுத்தது அளவீடு. அளந்து பார்த்ததால் 2007-க்கும் 2009-க்கும் இடையில் வாக்கர்ஸ் சிப்ஸின் கணக்கு சுமார் 7 விழுக்காடு குறைந்தது. சிறிய எண் போலத் தோன்றலாம். அதை நாளொன்றுக்கு ஒரு கோடிப் பொட்டலங்களால் பெருக்கிப் பாருங்கள்!

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கிழங்கு சிப்ஸுக்கு ஏற்றதா? ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பை முழுவதும் கரையுங்கள். இந்தக் கரைசலின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.08. கழுவித் துடைத்த கிழங்கை அதில் போடுங்கள். மூழ்கினால் அதில் உலர்பொருள் சுமார் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கிறது. மிதந்தால் தண்ணீர் அதிகம்.

மூழ்கியதிலும் மிதந்ததிலும் நூறு நூறு கிராம் எடுத்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, தனித்தனியே வெயிலில் காய வையுங்கள். உடைத்தால் ஒடியும் வரை காய்ந்ததும் எடை போடுங்கள். உங்கள் கணக்கும் உப்புநீர் சொன்ன விடையும் ஒத்துப்போகின்றனவா? குறித்து வைத்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.