எஞ்சின் கையில், விளக்கம் எங்கே?

சட்டமும் நாமும் – 11

முகத்துவாரத்தில் கரையேற்றியிருந்த படகிலிருந்து திங்கள் இரவு எஞ்சின் ஒன்று களவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுப் பின்புறத்தில், சாக்கால் மூடிக் கிடந்த அதைப் பொலிஸார் மீட்கிறார்கள். கழற்றியவரைக் கண்ட சாட்சி இல்லை. கமெராவும் இல்லை. வழக்கு நிற்குமா?

நிற்கலாம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு காட்டும் முதல் உதாரணமே இதுதான். களவு நடந்து சிறிது காலத்துக்குள் அந்தப் பொருளை வைத்திருப்பவர், அது தன்னிடம் வந்த விதத்தைச் சொல்லாவிட்டால், அவரே திருடினார் அல்லது களவுப் பொருளென்று தெரிந்தே ஏற்றார் என நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆகவேண்டும் என்றில்லை. அதே பிரிவு கடைக்காரரையும் மறக்கவில்லை. நாள் முழுக்கக் காசு புரளும் அவரது கல்லாவில் அடையாளமிட்ட களவு ரூபாய் ஒன்று கிடந்தால், யார் தந்தார் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அதையும் நீதவான் கவனிக்க வேண்டும்.

எதிரியிடம் விளக்கம் எதிர்பார்க்குமுன் வழக்குத் தொடுநர் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. களவுபோன எஞ்சின் இதுதானா? தொடரிலக்கம் இருந்தால் சுலபம். அதை அராவி அழித்திருந்தால், உரிமையாளர் முன்பு போட்ட ஒட்டுவேலை, கீறல், வர்ணம் என்று தேடவேண்டும். "என்னுடையது போலத்தான் இருக்கு" என்பது போதாது. கைத்தொலைபேசிக்கு ஐஎம்இஐ இலக்கம் உண்டு. உருக்கிய தங்கத்துக்கு எதுவுமில்லை.

பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது அடுத்த இடத்தில் என்பேன். பொருள் யார் கையில் இருந்தது? கொழும்புத் தோட்டங்களில் ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பாவிக்கின்றன. "எதிரியே இடத்தைக் காட்டினார்" என்று பொலிஸார் சொல்லலாம். கடந்த வாரம் பார்த்த 27ஆம் பிரிவின்படி அது சாட்சியாகலாம். ஆனால் பொருள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. இந்திய உச்ச நீதிமன்றம் திரிம்பக் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. எவரும் போய்வரக்கூடிய திறந்த வயலில் மீட்ட நகைகளை எதிரியின் உடைமை என்று சொல்ல முடியாது என்றது.

'சிறிது காலம்' என்பது எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. கைமாறும் வேகத்தைப் பொறுத்தது அது. காசுக்கும் தொலைபேசிக்கும் சில வாரங்களே அதிகம். 1983இல் ஈரபத்ரப்பா வழக்கிலோ, தலைமறைவாகி ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின் பிடிபட்ட வேலைக்காரரிடம் கிடைத்த நகைகளுக்கும் பட்டுச் சேலைகளுக்கும் அந்த ஒரு வருடம் அதிகமில்லை என்று அதே நீதிமன்றம் கருதியது.

இவ்வளவும் நிரூபணமானால்தான் எதிரியின் மௌனம் அவருக்குப் பாதகம். அவர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. 1914இல் லண்டனில் ஷாமா, ஏப்ரமோவிச் வழக்கில் பிரதம நீதியரசர் ரீடிங் பிரபு சொன்னதே இன்றும் அளவுகோல்: விளக்கம் உண்மையாக இருக்கக்கூடியதென்றால், அதை முழுதாக நம்பாவிட்டாலும் விடுவிக்க வேண்டும்.

"பஞ்சிகாவத்தையில் வாங்கினேன்" என்கிறார் நமது எதிரி. பற்றுச்சீட்டு இல்லை, பழைய சாமானுக்கு எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? கடையையும் சொல்லிவிட்டார். பொலிஸார் போய் விசாரித்து, கடைக்காரர் மறுத்திருந்தால் விளக்கம் ஆட்டம் காணும். போகாமலேயே கோவையை மூடியிருந்தால், புதுக்கடை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி அந்தக் கடையைப் பற்றியதாகவே இருக்கும்.

(அடுத்த வாரம்: அடகுக்கடைக்குப் போன நகை)