சுட்ட தோட்டா உறையை மறுபடியும் பயன்படுத்துவது எப்படி? ஒரு முடி அளவு தப்பினாலும் ஏன் ஆபத்து?

துப்பாக்கி வெடித்ததும் தரையில் தெறித்து விழும் பித்தளை உறையை சினிமாவில் எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்காவில் ரைஃபிள் போட்டிகளில் சுடுபவர்களும் வேட்டைக்காரர்களும் பலர் அதைத் தூக்கிப் போடுவதில்லை. புது மருந்து நிரப்பி மறுபடியும் சுடுகிறார்கள். இதற்குப் பெயர் ரீலோடிங். ஆனா, சுட்ட உறையில் அப்படியே மருந்தைக் கொட்டிவிட முடியாது. முதலில் அதன் அளவைச் சரிசெய்ய வேண்டும். துல்லியமும் ஆபத்தும் அந்த வேலையில்தான் இருக்கு.

சுடும்போது உறைக்கு என்ன ஆகுது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு. இதில் திரும்பப் பயன்படுவது உறை மட்டும்தான். அது 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை.

1952-ல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். இதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பிஎஸ்ஐதான். இந்த அழுத்தத்தில் உறை பலூன் மாதிரி விரிந்து, சேம்பர் எனப்படும் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் சுருங்கும், பழைய அளவுக்கு வராது. உறையின் கழுத்து அகன்றுவிடுவதால் புதுக் குண்டை இறுகப் பிடிக்காது.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

'டை' எனப்படும் எஃகு அச்சுக்குள், 'பிரஸ்' என்ற நெம்புகோல் கருவியால் உறையை அழுத்துவார்கள். முன்கூட்டியே மசகு தடவ வேண்டும். மறந்தால் உறை அச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கழுத்தை மட்டும் இறுக்குவது. அந்த உறை அதே துப்பாக்கிக்குத்தான் பொருந்தும். சில முறை சுட்ட பிறகு உறை அறையில் இறுகி, போல்ட் மூடக் கஷ்டமாகும். இன்னொன்று, முழு உறையையும் அழுத்தி, கழுத்துக்குக் கீழே சரிவாக இருக்கும் 'தோள்' பகுதியையும் சற்றுப் பின்தள்ளுவது.

எவ்வளவு பின்தள்ளணும்?

இங்கேதான் விஷயமே இருக்கு. கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குப் பொதுவாக 0.001 முதல் 0.002 அங்குலம் வரை போதும். அதாவது அதிகபட்சம் 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். தானாக லோடு ஆகும் துப்பாக்கிகளில் உறை தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகம் தள்ளுவார்கள்.

குறைவாகத் தள்ளினால் போல்ட் மூடாது, அவ்வளவுதான். அதிகமாகத் தள்ளினால்தான் வம்பு. உறைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். சுடும்போது உறையின் முன்பகுதி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் இழுபடும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் அங்கேயே அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடலாம்.

அதனால்தான் 'எல்லா உறைக்கும் ஒரே அளவு' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. சொந்தத் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோளை காலிப்பரால் அளந்து, அதிலிருந்து கணக்கிட வேண்டும். அடிப்பகுதிக்கு மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டால் பள்ளம் தட்டுப்படுகிறதா? அந்த உறையை நசுக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

மழைக்காலம் கற்றுத்தந்த பாடம்

கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவது போல, திரும்பத் திரும்ப அழுத்தினால் பித்தளையும் இறுகி விரிசல் விடும். பட்டறையில் பாத்திரத்துக்குச் சூடு காட்டி இளக்குவது போல, உறையின் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்குவார்கள். அடிப்பகுதியில் சூடு படவே கூடாது. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் சுடாமலேயே விரிசல் விட்டன. காரணம் 1921-ல்தான் விளக்கப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. அம்மோனியா கலந்த திரவத்தால் உறையைக் கழுவக் கூடாது என்று இன்றைக்கும் எச்சரிப்பது இதனால்தான்.

கவனிக்க: இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.