சாரணியர் குழு: கேட்டுப் பெற்ற இடம்

பள்ளி மன்றங்களுள் சாரணியர் குழுவுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அது சிறுமியரே கேட்டுப் பெற்றது. 1909-ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடைபெற்றது. அழைப்பு இல்லாமலே சில சிறுமியரும் அங்கு வந்து, தங்களுக்கும் இடம் கேட்டனர். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் தோன்றியது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதனை முன்னின்று நடத்தினார். 1911-இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதற் குழு அமைந்தது.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அதன் தலைவி மாணவியே, ஆசிரியை அல்லர். கூடாரம் அடித்தல், சமைத்தல், முதலுதவி ஆகிய அனைத்தும் அணியின் பொறுப்பு. ரீஃப் முடிச்சைக் கற்பது பேட்ஜுக்காக மட்டுமன்று. அது தட்டையாகப் படிவதால் காயக்கட்டில் உறுத்தாது, எளிதில் அவிழும்.

"படிப்புக் கெடுமே" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அடிபட்ட தோழியைச் சுற்றிப் பலரும் கையைப் பிசைந்து நிற்கையில், முன்வந்து கட்டுப் போடும் துணிவை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. அதுவும் கல்வியே. தோழியரே, அன்று அச்சிறுமியர் கேட்டுப் பெற்ற இடம் இன்று கேளாமலே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை வெறுமையாக விடலாமா?